சிரிப்பு காயும்வரை

ஜூன் 3

அண்ணி,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். ஓவியப் பயிற்சி முடிகிற வரைக்கும் போனை வாங்கி ஆபீஸ் அலமாரியில் பூட்டிவிடுவார்கள் என்று நீங்கள் சொன்னபோது, இதென்ன பயிற்சியா, ஜெயிலா என்று கேலி செய்தேன். இப்போது பார்த்தால் அதுவும் நல்லதுக்குத்தான்.

நேற்று உங்களை ரயில் ஏற்றிவிட்டு, டிரைவிங் ஸ்கூல் காரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்தேன். முன்னறைச் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. அதன் கீழே வெயில் படாத சதுரம் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. என் அண்ணனைக் காணோம்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஸ்டேஷன் வரைக்கும் பக்கத்து சீட்டில்தானே வந்தீர்கள்? மடியில் பையை அணைத்துக்கொண்டு "மெதுவா போ, மெதுவா போ" என்று என் உயிரை வாங்கினீர்கள். முதல் தடவை தனியாகப் போகிற பதற்றம் என்று நினைத்தேன். போட்டோவின் கண்ணாடி உடைந்துவிடுமே என்கிற பயம் என்று இப்போதுதான் புரிகிறது.

அவன் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. வீட்டில் இருந்த போட்டோ அது ஒன்றுதான். அதில் அவன் வாயை இறுக்கிக்கொண்டு, கரண்ட் பில் கட்டாதவனைப் பார்க்கிற மாதிரி முறைக்கிறான். இருந்தாலும் காலையில் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்ல எனக்கு ஒரு முகம் இருந்தது. இன்றைக்கு ஆணியிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

கிளினிக்கிலிருந்து ஆள் வந்தார். நீங்கள் முடித்து வைத்திருந்த பல் செட்டைக் கொடுத்தனுப்பினேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கோபம் வேறு, சாப்பாடு வேறு.

உங்கள் நாத்தனார்

*

ஜூன் 7

அன்புள்ள பிரேக்கு,

உன்னிடம் வண்டி பழகுகிறவர்கள் வைத்த பெயரை நானும் சொன்னால் உனக்குக் கோபம் வரும். ஏற்கெனவே மூக்குக்கு மேல் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஏறட்டும்.

படத்தைச் சொல்லாமல் எடுத்து வந்தது தப்புதான். சொன்னால் "எதுக்கு?" என்பாய். எதுக்கு என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது எழுத்தில் சொல்கிறேன், நீ சிரிப்பது எனக்குத் தெரியாது. உன் அண்ணன் சிரிக்கிற மாதிரி ஒரு படம் வரைய வேண்டும். அந்த ஆணியில் அதைத்தான் மாட்ட வேண்டும். காலையில் உன்னைச் சிரித்த முகத்தோடு அனுப்பிவைக்கிற படமாக அது இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அதற்கு மூக்கும் நெற்றியும் எப்படி இருந்தன என்று பார்த்துக்கொள்ள அந்தப் போட்டோ வேண்டியிருந்தது.

இந்த இடம் பழைய படகுக் கொட்டகை. ஒரு பக்கம் முழுக்கக் கதவு. திறந்தால் கடல், மூடினால் பெயிண்ட் கரைக்கிற டர்பென்டைன் வாடை. காற்று அடித்தால் மணல் பறந்து வந்து ஈரப் படத்தில் ஒட்டிக்கொள்கிறது. எங்கள் டீச்சர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். தீராத ஜலதோஷம். ஒரு கையில் கைக்குட்டை, இன்னொரு கையில் சுரண்டும் கத்தி. பிடிக்காததை முகம் பார்க்காமல் வழித்து எறிந்துவிடுவாள். முதல் பாடமே அதுதான். ஆயில் பெயிண்ட் சீக்கிரம் காயாது, அதனால் தப்பு செய்யப் பயப்படாதே என்கிறாள். அடியில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போக அதிகமாகவும் பூச வேண்டுமாம். மாற்றிப் பூசினால் மேலே காய்ந்து, உள்ளே காயாமல், பிறகு வெடித்துவிடுமாம். எனக்கு உடனே உன் ஞாபகம் வந்தது.

ஒரு பெருமையும் சொல்லிக்கொள்கிறேன். கடல் நுரையை வரையச் சொன்னார்கள். எல்லாரும் டியூபிலிருந்து வெள்ளையைப் பிதுக்கினார்கள். நான் இருபது வருஷமாகப் பல் கட்டுகிறவள், எனக்கு ஏது ஒரே வெள்ளை? டீ குடிக்கிறவர் வெள்ளை, சிகரெட் பிடிக்கிறவர் வெள்ளை, பால் பல் வெள்ளை என்று பிரித்துப் பிரித்துக் கலந்தேன். டீச்சர் குனிந்து பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணு உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?" என்றாள். "அடுத்தவங்க வாயிலேருந்து" என்றேன்.

இதெல்லாம் உன்னால்தான். விளம்பரத்தைக் கத்தரித்து என் மேசையில் வைத்து, "ஒரு வருஷமா பல்லையே பாத்துட்டிருக்கீங்க, கொஞ்சம் கடலைப் பாருங்க" என்று விரட்டியவள் நீ. நன்றி. கோபத்தோடு என்றாலும் இதை வாங்கிக்கொள்.

உன் அண்ணி

*

ஜூன் 12

அண்ணி,

நன்றி கிடைத்தது. கோபமும் அப்படியே இருக்கிறது.

நீங்கள் கடல் நுரை, வெள்ளை, கத்தி என்று இரண்டு பக்கம் எழுதினீர்கள். எப்போது திரும்பி வருவீர்கள் என்று ஒரு வரி இல்லை. ஆறு வாரப் பயிற்சி என்று எனக்கும் தெரியும். நான் கேட்பது அதை இல்லை.

உங்கள் தம்பி திங்கட்கிழமை வந்தார். நல்லபடியாகப் பேசினார், நானும் டீ போட்டுக் கொடுத்தேன். பிறகு சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்து உங்கள் வேலை மேசையை நீளம், அகலம், உயரம் என்று அளந்தார். "எதுக்குங்க?" என்றேன். "அக்காவை நாங்களே வச்சிக்கலாம்னு இருக்கோம். மாடியில ரூம் இருக்கு. மேசை படியில ஏறுமான்னு பாக்கணும்" என்றார். டேப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன்.

சுவரில் இருந்தவனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள், மேசையையும் அளந்தாகிவிட்டது. இதற்கு என்ன அர்த்தம் என்று நானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டுமா?

படத்தைப் பற்றி ஒன்று. சிரிக்கிற மாதிரி வரையப்போவதாக இருந்தால் உடைந்த முன்பல்லோடு வரையுங்கள். பந்தயம் கட்டி சோடா பாட்டிலைப் பல்லால் திறக்கப்போய் உடைத்துக்கொண்டான் இல்லையா, அந்த ஓட்டையோடு. நீங்கள் கட்டிவிட்ட பல் அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் சின்ன வயதிலிருந்து பார்த்த அண்ணன் ஓட்டைப் பல்லன். பல் கட்டின பிறகும் பழக்க தோஷத்தில் கையால் வாயை மூடிக்கொண்டுதானே சிரித்தான்? போட்டோ என்றால் உதட்டையே திறக்க மாட்டான். அவனே மறைத்ததை வரையப் போகிறீர்கள். சரியாக வரையுங்கள்.

நாத்தனார்

*

ஜூன் 17

அன்புள்ள பிரேக்கு,

முதலில் மேசை. சத்தியமாக அவன் அளக்க வருவான் என்று எனக்குத் தெரியாது. போன மாதம், "எங்களோட வந்து இருக்கா" என்று கூப்பிட்டான். யோசிக்கிறேன் என்றேன். என் தம்பியிடம் யோசிக்கிறேன் என்றால் லாரி பிடித்துவிடுவான். நல்லவன்தான், பாசம் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது.

ஆனால் யோசித்தது உண்மை. அதையும் மறைக்கவில்லை. அது உன் அப்பா அம்மா கட்டிய வீடு. உன் அண்ணன் இருந்தவரை நான் அங்கே யார் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இப்போது கேட்டால் என்ன சொல்வது? என்னால் நீ உன் விருப்பப்படி இருக்க முடியாமல் போகிறதோ என்று தோன்றுகிறது. சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்ததும் என் மேசை விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறாய். எரிந்தால் டிவி சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறாய். ஒருத்தி தன் சொந்த வீட்டில் எத்தனை நாள்தான் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருப்பாள்? கேட்டால் நீ சண்டைக்கு வருவாய் என்றுதான் கேட்கவில்லை.

இனி படம். அவமானப்பட்டேன், கேள். கண், மூக்கு, நெற்றி எல்லாம் சுமாராக வந்துவிட்டன. வாய்க்கு வந்ததும் கை தன் பழைய வேலைக்குப் போய்விட்டது. ஒவ்வொரு பல்லாக வரைந்தேன். முன்பல்லின் ஓரத்தில் மெல்லிய நீலம், கோரைப்பல்லில் துளி மஞ்சள், ஈறு ஓரத்தில் நிழல். பல் என்றால் அப்படியொரு பல். பின்னால் தள்ளிப்போய்ப் பார்த்தால் உன் அண்ணனைக் காணோம். பல் மட்டும் இருக்கிறது, அதைச் சுற்றி யாரோ ஒருவர்.

டீச்சர் வந்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "இது ஆளா, பல் டாக்டர் போர்டா?" என்றாள். கொட்டகையே சிரித்தது. "யாராவது சிரிக்கும்போது நீங்க பல்லை எண்ணிட்டா இருப்பீங்க?" என்றாள். "நான் எண்ணுவேன்" என்றேன். பொய் இல்லையே. உன் அண்ணனை முதலில் பார்த்ததே அப்படித்தான். உடைந்த பல்லுக்குப் பக்கத்துப் பல்லும் ஆடுகிறது என்று கிளினிக்குக்கு வந்தார். நிறம் பார்க்கச் சொல்லி என்னிடம் அனுப்பினார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் நிற்க வைத்து மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக அவர் வாய்ப் பக்கத்தில் பிடித்தேன். பிடிக்கிறபோதெல்லாம் சிரித்துவிடுவார். "சும்மா இருங்க சார்" என்றால் இன்னும் சிரிப்பு. நிறம் பார்க்கவே மூன்று தடவை வரவழைத்தேன். ஒரு தடவையிலேயே பார்த்திருக்கலாம்.

ஓட்டைப் பல்லோடு வரை என்கிறாய். நான் குடித்தனம் நடத்தியது என் கையால் கட்டிய பல்லோடு சிரித்தவருடன். உனக்கு ஒருவன், எனக்கு ஒருவர். ஒரே ஆணியில் இரண்டு பேரை எப்படி மாட்டுவது? இன்று எல்லாவற்றையும் வழித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அண்ணி

*

ஜூன் 21

அண்ணி,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை கிழித்துப்போட்டு மூன்றாவது தடவை எழுதுகிறேன். நல்ல வார்த்தையில் வராது. வருகிற மாதிரி எழுதுகிறேன்.

டிவி சத்தத்தைக் குறைப்பது நீங்கள் வேலை செய்கிறீர்களே என்றுதான். வீட்டில் ஒருவர் வேலை செய்தால் இன்னொருவர் சத்தத்தைக் குறைப்பார்கள். இதற்கெல்லாமா ஒரு மனுஷி மாடி ரூம் பார்ப்பாள்? விளக்கு எரிகிறதா என்று நான் பார்ப்பது உண்மை. எரிந்தால்தான் எனக்குச் செருப்பைக் கழற்றவே மனசு வரும். இப்போது இருட்டு வீட்டுக்குள் போகப் பிடிக்காமல் தெருமுனை வரை சும்மா வண்டியை ஓட்டிவிட்டு வருகிறேன். பெட்ரோலுக்கு ஸ்கூல் ஓனர் திட்டுகிறார்.

"நான் அங்கே யார்" என்று கேட்டீர்கள். டிரைவிங் சொல்லிக்கொடுக்கிற லைசென்ஸ் பரீட்சையில் நான் இரண்டு தடவை பெயில் ஆனேன். ஆம்பளைங்க வேலை, உனக்கு எதுக்கு என்று ஊரே சொன்னது. அப்போது நான் சொல்லிக்கொடுத்துப் பழகுவதற்காக மாணவி மாதிரி நடித்துப் பக்கத்தில் உட்கார்ந்தது யார்? உங்களுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. யாருடைய தாடை அச்சையோ மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப எந்தக் காலு?" என்று கேட்டுக்கேட்டு வண்டியை ஓட்டினீர்கள். பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்து ஸ்கூல் கேட்டில் போய் முட்டினீர்கள். தாடையை மட்டும் கீழே விடவில்லை. எனக்கு அந்த வேலை கிடைத்தது உங்களால். இதுவரைக்கும் நன்றி என்று சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். நன்றி அண்ணி.

அன்றைக்குச் சாயங்காலம் அந்தக் கதையைச் சொன்னபோது அண்ணன் சிரித்தானே, அது ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், வெட்கப்பட்டு சமையலறைக்குள் போய்விட்டீர்கள். நான் எதிரில் இருந்தேன். சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். முதலில் இடது கண் மூடும், வலது கண் பாதிதான். அப்புறம் முகவாய் நெஞ்சுக்குள் போய்விடும். சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும். கையை வாய்க்குக் கொண்டுபோவான், போய்ச் சேருவதற்குள் சிரிப்பு முந்திக்கொள்ளும். வாய் கடைசியில்தான். என்னிடம் வண்டி பழகுகிற பிள்ளைகளிடம் நான் சொல்வதுதான் உங்களுக்கும்: ரோட்டில் ஒரே இடத்தை முறைக்காதீர்கள், முழு ரோட்டையும் பாருங்கள்.

இன்னொன்று. இதைச் சொல்லாமல் மறுபடியும் கிழிக்கப்போகிறேனோ என்று பயம். அண்ணன் போனான். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிட்டேன். அவன் போனதால் நீங்களும் எனக்கு யாரும் இல்லை என்று ஆகிவிடுவீர்களோ என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாத்தனார்

*

ஜூன் 27

அன்புள்ள பிரேக்கு,

உன் கடிதத்தைக் கடற்கரையில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்துவிட்டு அழுதேன். பக்கத்தில் நண்டு பிடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

பிறகு கொட்டகைக்கு வந்து, போட்டோவைத் திருப்பிச் சுவர்ப் பக்கம் வைத்தேன். உன் கடிதத்தைப் படம் நிறுத்துகிற தாங்கியில் குத்திவைத்துக்கொண்டு வரைந்தேன். இடது கண், பாதி வலது கண், நெஞ்சுக்குள் போகிற முகவாய், மேலே ஏறுகிற தோள். கை வந்துகொண்டே இருக்கிறது, வந்து சேரவில்லை. வாய்க்கு வரும்போது என் கை மறுபடி பல்லுக்குப் போனது. டீச்சர் பின்னாலிருந்து, "பிரஷைக் கீழே வைங்க. துணியால ஒரே இழுப்பு" என்றாள். இழுத்தேன். சாம்பல் நிறம் கலந்து மங்கலாக ஒரு கீற்று. அவ்வளவுதான். ஓட்டைப் பல்லும் இல்லை, நான் கட்டிய பல்லும் இல்லை. பார்க்கிறவர் தனக்குத் தெரிந்ததைப் போட்டுக்கொள்ளலாம். சிரிக்கிறவன் வாயில் வெள்ளையே தேவையில்லை என்று எனக்கு இத்தனை வருஷம் யாருமே சொல்லவில்லை.

டீச்சர் ரொம்ப நேரம் நின்று பார்த்தாள். கத்தி கையில்தான் இருந்தது, உயரவில்லை. "யார் இவரு? அப்படி என்ன ஜோக் சொன்னீங்க?" என்றாள். கேட்டில் முட்டின கதையைச் சொன்னேன். அவளும் சிரித்தாள். அவளுக்கும் நன்றி சொன்னேன், இத்தனை நாள் வழித்து எறிந்ததற்கு.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆட்கள் வந்து பார்க்கலாம். நீ வா. வந்து பார்த்துவிட்டு, இது உன் அண்ணன்தானா என்று சொல். மேசையைப் பற்றி அப்புறம் நேரில் பேசிக்கொள்ளலாம். படத்தில் இன்னும் ஈரம் காயவில்லை, காய நாளாகும். ஆனால் உன்னை அதுவரை காக்கவைக்க எனக்குப் பொறுமை இல்லை.

உன் அண்ணி

*

ஜூலை 1

அண்ணி,

நேற்று ஏன் சொல்லாமல் கிளம்பினேன் என்று நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். டீ வாங்கி வருகிறேன் என்று நீங்கள் போனீர்கள். கொட்டகையில் நானும் அவனும் மட்டும் இருந்தோம்.

அவன் சிரித்துக்கொண்டிருந்தான். நான் சொன்ன மாதிரியே, சத்தம் இல்லாமல். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வருஷத்தில் முதல் தடவை. "டேய், போதும்டா" என்று சொல்லிக்கொண்டு கையை நீட்டி அவன் கன்னத்தைத் தொட்டுவிட்டேன். சின்ன வயதில் அவன் சிரிப்பை நிறுத்தாவிட்டால் நான் கன்னத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்துவேன், அந்தப் பழக்கம். காயவில்லை என்று நீங்கள் எழுதியது அடியோடு மறந்துபோயிற்று. கட்டைவிரல் உள்ளே போனது. கையை எடுத்தால் அவன் கன்னம் என் விரலில் இருக்கிறது.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் ஊதாமலே கெடுத்தேன். நீங்கள் டீயோடு வருகிற சத்தம் கேட்டது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பின்பக்கமாகப் போய் வண்டியை எடுத்துவிட்டேன். வீடு வரைக்கும் கட்டைவிரல் ஸ்டியரிங்கில் படாமல் ஓட்டினேன். என்னிடம் படிக்கிற பிள்ளை யாராவது அப்படி ஓட்டியிருந்தால் இறக்கிவிட்டிருப்பேன். இன்னும் கழுவவில்லை. நான்கு விரலால் எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

கேட்டீர்களே, பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அவன்தான். என் அண்ணன்தான். எனக்கு அவனைத் திருப்பிக் கொடுத்தீர்கள். நான் பாழாக்கிவிட்டேன்.

உங்களைக் கேட்காமல் ஒன்று செய்திருக்கிறேன். பின்னறையில் அடைத்துவைத்திருந்த பழைய டயரையும் ஸ்கூல் போர்டுகளையும் எடுத்துப் போட்டுவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் பகல் முழுக்க வெளிச்சம் வருகிறது. படம் வரைய ஆகும். நீங்கள் தம்பி வீட்டுக்குப் போவதாக இருந்தாலும் அது உங்கள் அறைதான். வேறு எதுவும் உள்ளே வைக்க மாட்டேன்.

நாத்தனார்

*

ஜூலை 5

என் பிரேக்கு,

இரண்டு டீயையும் நானே குடித்தேன். ஒன்று உன் பங்கு.

தம்பிக்கு எழுதிவிட்டேன். உன் மாடி ரூமுக்கும் உன் மனசுக்கும் நன்றி, அக்கா விருந்துக்கு வருவாள், மேசை வராது என்று. அவன் வருத்தப்படுவான். பிறகு வேறு எதையாவது அளக்கப் போய்விடுவான்.

இப்போது உன் விரல். நீ ஓடிய கொஞ்ச நேரத்தில் டீச்சர் பார்த்துவிட்டாள். கத்தியும் கையுமாக வந்து, "ஐயோ, யார் இது? விடுங்க, ரெண்டு நிமிஷ வேலை, சரி பண்ணிடலாம்" என்றாள். நான் குறுக்கே நின்றேன். "தொடாதீங்க" என்றேன். "கெட்டுப் போயிருக்கே" என்றாள். ஆமாம், கெட்டுத்தான் போயிருக்கிறது. உன்னைச் சமாதானப்படுத்த, இதனால் படம் இன்னும் அழகாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கன்னத்தில் பள்ளமாக, ரேகை வரிசை வரிசையாகத் தெரிகிறது. கிட்டப் போனால் முதலில் கண்ணில் படுவதே அதுதான். "யார் அவங்க, உங்க தங்கச்சியா?" என்று கேட்டாள். நாத்தனார் என்று சொல்ல வாய் வரவில்லை. "எங்க வீட்டுப் பொண்ணு" என்றேன்.

இத்தனை நாள் நான் அவரை வரைந்தேன். ஒரு பிரஷ் நீளத்துக்குத் தள்ளி நின்றுதான் வரைந்தேன். நெருங்கப் பயம். நீதான் போய்த் தொட்டாய். இவர் கன்னத்தை ஒரு வருஷமாக யாரும் தொடவில்லை, பிரேக்கு.

பெயிண்ட் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. யாராவது நல்ல எண்ணத்தோடு ஒரு துணியை எடுத்தால் போதும், உன் விரல் போய்விடும். அதனால் டீச்சரிடம் சண்டை போட்டு என் கட்டிலைக் கொட்டகையிலேயே போட்டுக்கொண்டு காவல் இருக்கிறேன். காய்ந்துவிட்டால் அப்புறம் யாராலும் அதை எடுக்க முடியாது. காய்கிற வரைக்கும்தான் எனக்கு இங்கே வேலை. காய்ந்ததும் எழுதுகிறேன், காரை எடுத்துக்கொண்டு வா. வீட்டுக்குப் போகலாம்.

அண்ணி